திருப்பி எடுக்கிற கடை

எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அந்த அக்கா ஏன் என்று கேட்கமாட்டார். அது நல்ல குணமா கெட்ட குணமா என்று எனக்கு இன்று வரைக்கும் பிடிபடவில்லை.

அவருடைய பெயர் எனக்குக் கனகாலமாகத் தெரியாது. எங்கள் கூட்டில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஊர்ப் பெயர்தான். அவர் கொழும்புத்துறை. நான் நல்லூர். “உடுப்பிட்டி வந்தாச்சோ?”, “சாவகச்சேரிக்கு ரீ குடுத்தாச்சோ?” என்று கதைப்போம். புதிதாகக் கேட்கிறவர்கள் ஏதோ பஸ் தரிப்பிடம் என்று நினைப்பார்கள்.

கூட்டு என்றேனே, அதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். குளிரூட்டி போட்ட பெரிய கொம்பனிக் கடை பட்டணத்துக்கு வந்தபோது எங்களைப் போன்ற பலசரக்குக் கடைக்காரர்களுக்குப் பயம் பிடித்தது. எனக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பிடித்தது. அது என் பிறவிக் குணம். பதினாறு கடைக்காரர்கள் ஒன்று சேர்ந்தோம். கடை அவரவருடையது, திறப்புக் கொத்து அவரவர் இடுப்பில். ஆனால் எல்லாக் கடைக்கும் ஒரே பச்சைப் பலகை, ஒரே பச்சைப் பை, ஒரே விலை. கொழும்பிலிருந்து சாமான் ஏற்ற ஒரே லொறி. ஒவ்வொரு கடையும் வீட்டில் செய்த ஒரு சாமானைப் பச்சைச் சீட்டு ஒட்டி விற்கலாம். கொழும்புத்துறை அக்கா கருவாடு போட்டார். நான் என் மனிசி வறுத்து இடிக்கிற கறித்தூளைப் போட்டேன். இடிக்கிற என்று சொன்னாலும் மில்லில் அரைப்பதுதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

பெரிய கடைக்காரனிடம் இல்லாத ஒரு வசதியை நாங்கள் சனத்துக்குக் கொடுக்கவேண்டும் என்று சாவகச்சேரி ஐயா சொன்னார். அவர்தான் தலைவர். அப்படி வந்ததுதான் திருப்பி எடுக்கிற சட்டம். எந்தப் பச்சைப் பலகைக் கடையில் வாங்கின சாமானையும் எந்தப் பச்சைப் பலகைக் கடையிலும் திருப்பிக் கொடுத்து மாற்றலாம். எடுக்கிற கடைக்காரர் ஒரு துண்டு எழுதவேண்டும்: என்ன சாமான், எந்தக் கடைச் சாமான், என்ன காரணம். மாதம் ஒரு தரம், பௌர்ணமிப் போயா விடுமுறை நாளில் கூட்டம் கூடும்போது துண்டுகளை வாசிப்போம். ஒரு கடையின் மேல் ஐந்து துண்டுக்கு மேல் வந்தால் அந்தக் கடைக்காரர் எழும்பி விளக்கம் சொல்லவேண்டும். விளக்கம் சரியில்லை என்றால் ஒரு மாதத்துக்குப் பலகையைச் சாக்கால் மூடிக் கட்டவேண்டும். இரண்டாம் தரமும் வந்தால் பலகையே போய்விடும்.

சட்டம் போட்ட அன்று இரவு எனக்கு நித்திரை இல்லை. கடை எனக்குச் சீதனமாக வந்தது. பலகை போனால் மனிசியின் ஆட்களுக்கு முன்னால் நான் எந்த முகத்தோடு நிற்பது?

ஆனால் அந்தச் சட்டம் கொழும்புத்துறை அக்காவுக்கென்றே செய்தது போல இருந்தது. கொழும்புத்துறையில் கடற்கரையைப் பார்த்தபடி கடை. பால்மாப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நைலோன் கயிறும் வலை மிதவையும் தொங்கும். அவர் ஒரு சோடாப் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் சாக்கு மடித்துப் போட்டு இருப்பார். ஆம்பிளைகள் கட்டுகிற பெரிய மணிக்கூடு ஒன்றை, முகம் உள்ளங்கைப் பக்கம் வரக் கட்டியிருப்பார். ஆராவது பையோடு தயங்கித் தயங்கிப் படியேறினால் அவருக்குத் தெரிந்துவிடும்.

“வையுங்கோ” என்பார்.

அவ்வளவுதான். வந்தவர் வாயைத் திறந்து காரணம் சொல்ல முன்னமே மாற்றுச் சாமானை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார். அதற்குப் பிறகுதான் பழையதைத் தொடுவார். அந்த நேரத்தில் வந்தவரின் முகத்தைப் பார்க்கவே மாட்டார், கடலைப் பார்ப்பார். ஆள் படியிறங்கிப் போன பிறகு சாமானை இரண்டு விரலால் தூக்கி மூக்கில் பிடித்து ஒரு தரம் மணந்துவிட்டு, மேசைக்குக் கீழே இருக்கிற பெரிய சதுரப் பிஸ்கற் ரின்னுக்குள் போடுவார். பாதி தேய்ந்த சவுக்காரம் அந்த ரின்னுக்குள் போனதை நான் கண்ணால் பார்த்தேன்.

“அக்கா, அது பாவிச்ச சவுக்காரம்” என்றேன்.

“ஓம், நுரை காஞ்சு கிடக்கு.”

“என்னத்துக்குத் திருப்பித் தந்தவராம்?”

“கேக்கேல்லை.”

ஒருநாள் அந்தக் குளிரூட்டிக் கடையில் வாங்கின அரிசிப் பையையே ஒருவர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். இவர் அதையும் வாங்கிக்கொண்டு எங்கள் அரிசியைக் கொடுத்து அனுப்பிவிட்டார். அதற்கும் ஒழுங்காகத் துண்டு எழுதியிருந்தார். அந்தப் போயாக் கூட்டத்தில் ஒரே சண்டை.

எங்கள் கூட்டம் நல்லூரில் ஒரு ரியூசன் கொட்டிலில்தான் நடக்கும். போயா நாளில் அங்கே வகுப்பு இல்லை. நாங்கள் எல்லாரும் பிள்ளைகள் இருந்து படிக்கிற வாங்கில் முழங்கால் இடிபட இருப்போம். முன்னுக்குக் கரும்பலகையில் முக்கோணம் முக்கோணமாகக் கீறிக் கிடக்கும். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். இடம்பெயர்ந்து போனோம், திரும்பி வந்தபோது என் வயதுக்காரர் எல்லாரும் மேலே போய்விட்டார்கள், வெட்கத்தில் நான் போகவில்லை. அந்த வாங்கில் இருந்தால் எனக்கு இப்போதும் உள்ளங்கை வேர்க்கும்.

“அக்கா, அது எங்கடை கடைச் சாமானே இல்லை. அதை ஏன் எடுத்தனீங்கள்?” என்று சாவகச்சேரி ஐயா கேட்டார்.

“அந்த மனிசன் மூண்டு சந்தி தாண்டி வெயிலுக்கை வந்தவர். அந்தக் கடையிலை ஆரிட்டைக் குடுக்கிறதெண்டு அவருக்குத் தெரியேல்லை.”

“அதுக்கு?”

“என்னட்டைக் குடுக்கலாமெண்டு தெரிஞ்சிருக்கு.”

உடுப்பிட்டிக்காரர் சும்மா இருப்பாரா? அவர் வாய் எப்போதும் கீறின தீக்குச்சி. “அக்கா, என்ரை மச்சான் ஒருத்தர் கனடாவிலையிருந்து வந்து மூண்டு மாசமா எங்கடை வீட்டிலை நிக்கிறார். கொண்டுவந்து தரட்டோ? எங்கை வாங்கினதெண்டு கேக்கமாட்டியள்தானே?”

“வையும். ஆனா மாத்தித் தர என்னட்டை வேறை மச்சான் இல்லை.”

கொட்டில் முழுக்கச் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. மணிக்கூட்டைத் திருப்பி நேரம் பார்த்தார்.

எல்லாமே சிரிப்பு இல்லை. ஒரு நாள் காலமை நான் அக்காவின் கடையில் நிற்கும்போது ஒரு பொம்பிளைப் பிள்ளை, இருபத்திரண்டு இருபத்துமூன்று வயது இருக்கும், குழந்தைகளுக்குக் கரைக்கிற பால்மா ரின் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தது. உடைத்த ரின். மேலால் ஒரு கரண்டி, இரண்டு கரண்டிதான் எடுத்திருந்தது. மாற்ற ஒன்றும் வேண்டாம் என்று தலையை ஆட்டியது. இவர் “வையுங்கோ” என்றார். ஒரு சோடாவை உடைத்துக் கொடுத்தார். அந்தப் பிள்ளை அதைக் குடித்து முடிக்கும்வரை இரண்டு பேரும் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். பிறகு அது போய்விட்டது.

“அக்கா, குழந்தைக்கு என்னவாம்?”

“கேக்கேல்லை.”

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

“கேட்டால் அது நிண்டு சொல்லவேணுமெல்லோ.”

வீடு வரும்வரை அந்தக் குழந்தைக்கு என்ன நடந்திருக்கும் என்று நூறு விதமாக யோசித்தேன். வேறு பால் மாற்றியிருக்கலாம். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். இல்லாவிட்டால்... இப்போதும் சில வேளை யோசிப்பேன். கேட்டுத் தொலைத்திருந்தால் எனக்காவது நிம்மதியாக இருந்திருக்கும்.

இனி தூள் கதைக்கு வருகிறேன். இதை எழுதலாமா என்று மனிசியிடம் கேட்டேன். “எழுதுங்கோ. ஒழுங்கையிலை எல்லாருக்கும் தெரியும். தெரியாதெண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறது நீங்கள் மட்டும்தான்” என்றாள். அது உண்மையோ என்னைத் தேற்றச் சொன்னதோ தெரியாது.

மூன்று வருடத்துக்கு முந்தின திருவிழாக் காலம். நல்லூரில் கொடியேறினால் எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டிலும் மீன், இறைச்சி என்று ஒரு மச்சமும் இல்லை. இருபத்தைந்து நாளும் மரக்கறிதான். சட்டி பானை மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்து வீடு நிறைந்திருக்கும். தூள் கேட்டு ஓயாமல் சனம். கொடியேறி ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, நாங்கள் வழக்கமாக அரைக்கிற மில்லின் மோட்டார் எரிந்துவிட்டது. அங்கே சைவச் சாமான் மட்டும்தான் அரைப்பார்கள். வேறு வழியில்லாமல் வறுத்த மிளகாயையும் மல்லியையும் கட்டிக்கொண்டு கரைப் பக்கத்து மில் ஒன்றுக்குப் போனேன்.

போகிற வழியிலேயே எனக்கு யோசனை தொடங்கிவிட்டது. ஐஸ்கிறீம் வைத்த பிறீசரை மூடினேனா இல்லையா? மூடாவிட்டால் அவ்வளவும் தண்ணீர். மில்லில் நின்று மனிசிக்கு ரெலிபோன் எடுத்து, “மூடிக் கிடக்கோ பார். நல்லாப் பார். கையாலை அமத்திப் பார்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மில்காரன் பக்கத்தில் வந்து ஏதோ கேட்டான். நான் ஓம் என்றோ வேண்டாம் என்றோ தலையை ஆட்டினேன். அவன் மெசினைப் போட்டுவிட்டான்.

அவன் என்ன கேட்டான் என்பது எனக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. “அண்ணை, இப்பத்தான் கூனி இறால் அரைச்சனான். அரிசி போட்டு ஒருக்கா ஓட்டித் துடைச்சுப்போட்டு அரைக்கட்டோ, அவசரமோ?”

பிறீசர் மூடித்தான் கிடந்தது.

இருபத்துநான்கு பை கட்டினோம். மனிசி வழக்கம்போல ஒவ்வொரு பையின் மூலையிலும் சிவப்புப் பேனையால் ஒரு பூப் போட்டாள். எங்கள் வீட்டுக்கு முந்தின தூள் கிடந்தபடியால் நாங்கள் இதை உடைக்கவில்லை. நாள் முழுக்க மிளகாய்க்குள் கிடக்கிற எங்கள் மூக்குகளுக்கு வேறொன்றும் தெரியவில்லை. ஒழுங்கைப் பூனை ஒன்று இரண்டு நாளாகத் தூள் பை அடுக்கிற இறாக்கைக்குக் கீழேயே படுத்திருந்தது. சீமெந்து குளிராக இருக்கிறதாக்கும் என்று நான் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் இருபத்துநான்கும் முடிந்தது. “பாத்தியளே, என்ரை தூளுக்கு வாற சனத்தை” என்று மனிசிக்குப் பெருமை.

அடுத்த கிழமை லொறிக்காரன் என்னுடைய சீனி மூட்டைகளை மாறிக் கொழும்புத்துறையில் இறக்கிவிட்டான். எடுக்கப் போனேன். நடு வெயில். அக்காவின் கடைப் படியால் எங்கள் ஒழுங்கைக் கணக்கு மாஸ்ரர் இறங்கிக்கொண்டிருந்தார். கையில் பச்சைப் பை. என்னைக் கண்டதும் பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். ஐம்பது வயது மனிசன், பிள்ளைகளுக்குப் பிரம்பு காட்டுகிறவர்.

“என்ன மாஸ்ரர், இந்தப் பக்கம்?”

“சும்மா. காத்து வாங்க வந்தனான்.”

“ஒரு மணி வெயிலுக்கையோ?”

“ஓம், கடற்காத்து” என்றவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நின்று ஏறவும் இல்லை, உருட்டிக்கொண்டு ஓடி ஏறினார்.

என் கடை அவருடைய வீட்டுப் படலையிலிருந்து நாலாவது. அதை விட்டுவிட்டு ஏன் இங்கே? உள்ளே போனேன். பிஸ்கற் ரின் திறந்து கிடந்தது. மேலாலே சிவப்புப் பூப் போட்ட பை. அதற்குக் கீழேயும் சிவப்புப் பூ. அதற்குக் கீழேயும்.

“அக்கா, உது...”

“திருப்பி வந்தது.”

ஒன்றைத் தூக்கி மணந்தேன். அந்தக் கடையே கருவாட்டு மணம், ஒன்றும் பிடிபடவில்லை. பையை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடி, கடலுக்கு முதுகு காட்டி நின்று மணந்தேன். மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம். அதற்கு அடியில், மெல்லிசாக, சந்தேகமே இல்லாமல், கூனி இறால்.

அப்போதுதான் மில்காரனின் குரல் எனக்குள் கேட்டது.

எல்லாம் விளங்கிவிட்டது. கறி கொதித்தபோது மணம் எழும்பியிருக்கும். என்னிடம் வந்து சொன்னால், கொடியேறின காலத்தில் தங்கள் வீட்டு அடுப்பில் மச்சம் ஏறியது ஒழுங்கைக்குத் தெரிந்துவிடும். குப்பையில் போட்டால் பூனை காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு வீடும் தங்களுக்கு வந்த பையில் மட்டும்தான் பிழை என்று நினைத்து, ஒருவருக்கும் தெரியாமல், யாரும் தங்களைத் தெரியாத கொழும்புத்துறைக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்காத கடைக்கு.

“எத்தினை அக்கா?”

“இப்ப வந்ததோடை பதினொண்டு.”

“என்னவெண்டு சொன்னவை?”

“கேக்கேல்லை.”

“உங்களுக்கு மணந்திருக்குமே!”

“எனக்கு மணக்கிறது இருக்கட்டும். அவை சொல்லேல்லை.”

“துண்டு எழுதிப்போட்டியளோ?”

“எழுதவேணுந்தானே.”

அவர் என்னை எத்தனை பை விற்றாய் என்று கேட்கவில்லை. எப்படி நடந்தது என்று கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூட நான் அழுது தீர்த்திருப்பேன். சீனி மூட்டைகளைக் காட்டிவிட்டுக் கடலைப் பார்த்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது. போயாவுக்கு இன்னும் மூன்று கிழமைக்கு மேல். அந்த ரின்னுக்குள் என் கடை கிடக்கிறது, என் பெயர் கிடக்கிறது. இந்த அக்கா என்ன செய்யப் போகிறார் என்று முகத்தில் ஒரு கோடுகூட இல்லை.

வீட்டுக்கு வந்து மனிசியிடம் சொன்னேன். அவள் நிலத்தில் இருந்துவிட்டாள். “எங்கடை தூளிலை மச்சமோ? கொடியேறின நேரத்திலையோ?”

“மெல்லக் கதை.”

பதினொன்று திரும்பிவிட்டது. மிச்சம் பதின்மூன்று பை இன்னும் அடுப்படிகளில் இருக்கிறது, தினம் கறிக்குள் விழுகிறது. போய்ச் சொன்னால் அந்தச் சனத்தின் விரதத்தை நானே உடைத்ததாகிவிடும். சொல்லாவிட்டால் தினம் தினம் உடைந்துகொண்டே இருக்கும். அன்று முழுக்க யோசித்தேன். அடுத்த நாள் காலமை, முந்தின தூளையும் புதிதாக வறுத்ததையும் பை பையாகக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனேன்.

“தராசு பிழைச்சுப் போச்சு அக்கா. நிறை குறைவா வித்துப்போட்டன். பழைய பையைத் தாங்கோ, மாத்தித் தாறன்.”

ஏற்கெனவே திருப்பிக் கொடுத்த வீடுகளில், “அது முடிஞ்சுது” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்கள். நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன். ஒரு அம்மா, “உம்மை நம்பித்தானே வாங்கினனாங்கள்” என்றார். அது இன்னும் குத்துகிறது. மூலை வீட்டுப் பெரியவர் பையைக் கொடுக்கவே மாட்டேன் என்று நின்றார்.

“இந்த முறைத் தூள் திறம் தம்பி. ஒரு கிழமையா மரக்கறி தொண்டைக்குள்ளை இறங்கேல்லை. இது போட்டாப் பிறகு கத்தரிக்காய்கூட இறங்குது. நிறை குறைஞ்சாலும் பறவாயில்லை, எனக்கு இதுதான் வேணும்.”

பறிக்காத குறையாக வாங்கி வந்தேன்.

பன்னிரண்டு பை சேர்ந்தது. பதின்மூன்றாவது பை கிடைக்கவில்லை. அதை நான் கோயிலுக்குப் போயிருந்த நேரம் மனிசி விற்றிருக்கிறாள். ஆருக்கு என்று கேட்டேன்.

“ஆரோ ஒரு பொம்பிளை. தலையிலை பூ வைச்சிருந்தவ.”

நல்லூர்த் திருவிழாவில் தலையில் பூ வைக்காத பொம்பிளையை எங்கே போய்த் தேடுவது?

போயா வந்தது. கொட்டிலில் என் வழக்கமான வாங்கில் இருந்தேன். கொழும்புத்துறை என்று சாவகச்சேரி ஐயா கூப்பிட்டதும் அவர் எழும்பி, துண்டுகளை ஒவ்வொன்றாக வாசித்தார். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

“தூள். நல்லூர்க் கடை. காரணம் கேக்கேல்லை.”

“தூள். நல்லூர்க் கடை. காரணம் கேக்கேல்லை.”

பதினொரு தரம். ஐந்தாவதோடு எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பிவிட்டது. எனக்காக அவர் ஒரு துண்டைக்கூட மறைக்கவில்லை. எனக்கு எதிராக ஒரு சொல்லைக்கூடக் கூட்டவும் இல்லை.

“நல்லூர், என்ன பிரச்சினை?” என்றார் ஐயா.

எழும்பினேன். வாங்கு முழங்காலில் இடித்தது. உண்மையைச் சொன்னால் பலகை தப்பலாம். வேண்டுமென்று செய்யவில்லை, மில்லில் நடந்த பிழை என்று எல்லாருக்கும் விளங்கும். ஆனால் இந்தக் கொட்டிலில் சொன்னது பின்னேரத்துக்குள் என் ஒழுங்கைக்குப் போய்விடும். மாஸ்ரர் வெயிலுக்குள் சைக்கிளில் ஓடி ஏறினது கண்ணுக்குள் வந்தது.

“நிறை குறைவு” என்றேன். “தராசு பிழைச்சுப் போச்சு.”

“பதினொரு பையுமோ?” என்றார் உடுப்பிட்டி. “தராசோ பிழைச்சது, கையோ? இத்தனை வருசமும் உப்பிடித்தானோ காணும் நிறுத்தனீர்?”

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். ஒரு மாதம் சாக்குக் கட்டுவது என்று முடிவானது. அக்காவைப் பார்த்தேன். அவர் யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே கடல் இல்லை, மதில்தான். வெளியே மோட்டார் சைக்கிள் எடுக்கிற இடத்தில் பக்கத்தில் வந்து நின்றார். இப்போது கேட்பார், ஏன் பொய் சொன்னனீர் என்று கேட்பார் என்று காத்திருந்தேன்.

“ஹெல்மெற்றைப் போடும்” என்றுவிட்டுப் போனார்.

சாக்குக் கட்டின மாதம் எப்படிப் போனது என்று சொல்லத் தேவையில்லை. வருகிற சனம் சாமானைக் கையில் தூக்கித் தூக்கிப் பார்த்தது. சிலர் வராமலே விட்டார்கள். மனிசியின் அண்ணை ஒருநாள் வந்து, சாக்கைப் பார்த்துவிட்டு, ரீயும் குடிக்காமல் போனார்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை பின்னேரம். கோயிலுக்குப் போகிற வழியில் ஏழெட்டுப் பேர் கடையில் நின்றார்கள். மாஸ்ரர் தேங்காய் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. கொழும்புத்துறை அக்கா. அதற்கு முன் அவர் என் கடைக்கு வந்ததே இல்லை.

“தூள் ஒண்டு தாரும்.”

எடுத்துக் கொடுத்தேன். வாங்கவில்லை.

“நிறுத்துத் தாரும்.”

எனக்கு விசர் பிடித்தது போல இருந்தது. எல்லாருக்கும் முன்னால். தராசில் வைத்தேன். கால் கிலோப் பை. தராசு அதற்கு எட்டுக் கிராம் மேலே காட்டியது. சாக்குக் கட்டின நாளிலிருந்து பயத்தில் நான் ஒவ்வொரு பைக்கும் கூடத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் குனிந்து தராசைப் பார்த்தார். பையை அவிழ்த்தார். கரண்டியைக் கேட்டு வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தூளை அள்ளி, நான் தூள் போட்டு வைக்கிற தகரத்துக்குள் திருப்பிப் போட்டார். இலக்கம் சரியாகக் கால் கிலோவில் நின்றதும் நிமிர்ந்தார்.

“கூடக் கிடந்தது. எனக்குக் கூட வேண்டாம்.”

கத்திச் சொல்லவில்லை. ஆனால் கடை அமைதியாக இருந்தபடியால் எல்லாருக்கும் கேட்டது. பையைக் கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருடைய சட்டியில் எப்போதும் அவர் வறுத்த தூள்தான் என்று எனக்குத் தெரியும்.

மாஸ்ரர் தேங்காயை வைத்துவிட்டு வந்தார். “தராசு திருத்தியாச்சு போலை.”

“ஓம் மாஸ்ரர்.”

“நல்லது” என்றார். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “எனக்கும் ரெண்டு பை தாரும். நிறுக்கத் தேவையில்லை.”

சாக்கு அவிழ்ந்தது. பலகை இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் அந்தப் பதின்மூன்றாவது பை என்னை விடவில்லை. அது எந்த வீட்டில் இருக்கிறது, அந்தப் பொம்பிளை ஆருக்கு என்ன சொல்லியிருப்பா, ஏதாவது நேர்த்தி வைத்த விரதமோ, அது உடைந்து வீட்டில் ஏதும் நடந்ததோ? இரண்டு வருடம் இதுதான். தலையில் பூ வைத்த ஆராவது கடைக்குள் வந்தால் எனக்கு மிச்சக் காசு எண்ண வராது.

போன வருடம் அக்கா கடையை விட்டார். முழங்கால் ஏலாது, மன்னாரில் இருக்கிற தங்கச்சியோடு போய் இருக்கப் போகிறேன் என்றார். இறாக்கைகளைக் கழற்ற நானும் போனேன். மேசையை நகர்த்தினபோது பிஸ்கற் ரின் தட்டுப்பட்டது. திறந்து பார்த்தேன். காய்ந்த சவுக்காரம். அந்தப் பால்மா ரின். அடியில் ஒரு தூள் பை. மூலையில் மங்கின சிவப்புப் பூ.

“அக்கா, மற்றப் பை பதினொண்டும் அப்பவே எறிஞ்சனீங்களெல்லோ. இது?”

“அது கூட்டத்துக்குப் பிறகு வந்தது. நீர் சாக்குக் கட்டியிருந்தனீர். சாக்குக் கட்டின கடைக்குத் துண்டு எழுதுறதில்லை.”

எனக்குக் கோபம் வந்தது. அவரிடம் கோபப்பட்டது அந்த ஒரு தரம்தான். “ரெண்டு வருசம் அக்கா! ரெண்டு வருசமா இந்தப் பையை நினைச்சு நான் நித்திரை கொள்ளேல்லை. ஏன் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?”

அவர் என்னைப் பார்த்தார். கடலை அல்ல, என்னைத்தான். உண்மையாகவே ஆச்சரியப்பட்ட முகம்.

“நீர் கேக்கேல்லையே.”

ஆர் கொண்டுவந்தது என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர் காத்துக்கொண்டு நின்றார்; கேட்டால் சொல்லியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். நான் பையை ரின்னுக்குள் வைத்து மூடினேன்.

வீட்டுக்கு வந்து மனிசியிடம் சொன்னேன். அவள் கோழிக்குத் தவிடு குழைத்துக்கொண்டிருந்தவள் கையை உதறிவிட்டு எழும்பினாள்.

“அப்ப அந்தப் பூ வைச்சவ ஆராம்?”

“கேக்கேல்லை” என்றேன்.

சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் நிம்மதியாகத்தான் இருந்தேன். பிறகு, கடைப் பின்கதவைப் பூட்டினேனா என்று பார்த்துவர எழும்பிப் போனேன்.